இடப்பக்கத்து டேப்

இந்தக் கதையில் எல்லாவற்றையும் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேன் என்று என்னால் சொல்லமுடியாது. சைக்கிள் ஹாண்டிலில் சுற்றிய டேப்பின் நிறம் இளநீலம் என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். எழுத உட்கார்ந்ததும் வெள்ளைதானோ என்று தோன்றுகிறது. அதைச் சுற்றியது ஆடி அமாவாசைக்கு முந்திய வியாழக்கிழமையா, பிந்தியதா என்பதும் தெளிவில்லை. சிவரூபன் இதைச் சொன்னபோது இடையிடையே நெடுநேரம் பேசாமல் இருந்தான். அந்த இடைவெளிகளில் சிலவற்றை நானே நிரப்பிக்கொண்டிருக்கவும் கூடும். ஆனால் அவன் தன் மனைவியிடம் "ஓம்" என்று சொன்னதும், அந்த ஓம் பொய் என்பதும் நிச்சயம். அதை அவன் இரண்டு தரம் சொன்னான்.

சிவரூபன் கோப்பாயில் தண்ணீர் மோட்டர்களுக்குக் கொயில் சுற்றிக் கொடுப்பவன். தோட்டத்துக்கு இறைக்கிற மோட்டர் எரிந்துபோனால் நீர்வேலியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் அவனைத் தேடித்தான் வருவார்கள். செம்புக் கம்பியை அவன் சுற்றினால் ஒரு சுற்று இன்னொன்றின்மேல் ஏறாது. எந்தக் கொயில் வலமாக ஓடவேண்டும், எது இடமாக ஓடவேண்டும் என்பது அவனுக்கு மூச்சு விடுவதைப் போல. ஒன்று மாறினாலும் மோட்டர் உறுமுமே ஒழியச் சுழலாது. பதினாறு வருடத்தில் ஒரு மோட்டரும் அப்படித் திரும்பி வந்ததில்லை.

அவனுடைய மனைவி நிவேதனா ஒரு மகளிர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. சுவிஸிலிருக்கும் அவளுடைய அண்ணை அனுப்பிய றேஸ் சைக்கிள் ஒன்று அவளிடம் இருந்தது. ஆட்டுக் கொம்பு மாதிரிக் கீழே வளைந்த ஹாண்டில். கிழமையில் நாலு நாள் விடிய ஐந்தரைக்கு அதில் ஏறிப் போவாள். அவள் படலையைத் தாண்டியதும் சிவரூபன் எழுந்து கிணற்றடிக்குப் போய் இருந்துகொள்வான். வல்லை வெளிவரை போய்வர ஒரு மணித்தியாலமும் சில நிமிடங்களும் ஆகும். அதுவரை அவன் ஒன்றும் செய்வதில்லை. ஒழுங்கையில் சைக்கிள் சில்லின் சத்தம் கேட்டதும் பிரஷை வாய்க்குள் வைத்து, அப்போதுதான் எழும்பியவன்போல் நிற்பான்.

காரணம் இருந்தது. நாலு வருடத்துக்கு முன் அவனுடைய தகப்பன் கதிரவேலு சாவகச்சேரிச் சந்தைக்குச் சைக்கிளில் வாழைக்குலை கட்டிக்கொண்டு போனபோது, கைதடிக்கு அங்கால் ஒரு மணல் டிப்பர் அடித்துவிட்டுப் போனது. சிவரூபன் போய்ச் சேர்ந்தபோது குலைகளை யாரோ ஒழுங்காகத் தெருவோரம் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு காய்கூட நசுங்கவில்லை.

நிவேதனாவிடம் சைக்கிள் ஓடவேண்டாம் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் அவள் ஏன் என்று கேட்பாள். ஏன் என்றால் அதை வாயால் சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் நடந்துவிடுமோ என்று அவனுக்குப் பயம்.

ஞாயிற்றுக்கிழமை வல்வெட்டித்துறையில் ஒரு கழகம் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டம் வைத்தது. கடற்கரையில் தொடங்கி, உடுப்பிட்டி, வல்லை, புத்தூர் வழியாகக் கோப்பாய்ச் சந்தியில் முடிவு. ஆடி மாதத்துச் சோளகக் காற்று முழுத் தூரமும் முகத்தில் அடிக்கும். நிவேதனாவின் ஹாண்டிலில் சுற்றியிருந்த டேப் வியர்வையில் ஊறி, வெடித்து, கையில் பசையாக ஒட்டத் தொடங்கியிருந்தது. புது டேப் வாங்கிவந்தவள், சோதனைத் தாள்கள் திருத்தக் கிடந்ததால் வேலையை அவனிடம் கொடுத்தாள். அவனைப்போல் சுற்ற ஆளில்லை என்று கொஞ்சம் புளுகியும் விட்டாள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னாள். இரண்டு பக்கமும் உள்ளிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றவேண்டும்.

அதை அவனுக்குச் சொல்லத் தேவையில்லை. காற்றுக்கு எதிராகக் குனிந்து கீழ் வளைவை இறுக்கிப் பிடிக்கிறபோது கை வெளிப்பக்கமாகத்தான் முறுக்கும். டேப்பும் அதே பக்கம் ஓடினால் ஒவ்வொரு இழுவைக்கும் இறுகும். எதிர்ப்பக்கம் ஓடினால் ஒவ்வொரு இழுவைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழரும். ஆகவே பின்னால் நின்று பார்த்தால் வலக் கொம்பில் டேப் வலமாகப் போகவேண்டும், இடக் கொம்பில் இடமாக.

வியாழன் பின்னேரம் சைக்கிளை முற்றத்து மாமரத்தோடு சாத்தினான். கொம்பின் முனைகளில் இருந்த மூடிகளைக் கழற்றி, பழைய டேப்பை உரித்து, மண்ணெண்ணெய்த் துணியால் பசையைத் துடைத்தான். வலப்பக்கத்தைக் கால்மணித்தியாலத்தில் முடித்தான். பிரேக் பிடிக்கு மேலால் எடுத்து, நடுத்தண்டுக்குக் கிட்டக் கறுப்பு டேப்பால் கட்டியபோது தன் வேலையைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டான். நல்லாய்த்தான் இருந்தது.

இடப்பக்கம் நாலைந்து சுற்றுப் போயிருக்கும். அவனுடைய தாய் நல்லம்மா கோழிக்குக் குருணல் போட அந்த வழியால் வந்தவர், ஒரு கணம் நின்று பார்த்தார்.

"உதென்ன மோனை, இடம் சுத்திறாய்?"

"உது அப்பிடித்தானம்மா சுத்தோணும்."

"ஓ," என்றுவிட்டு அவர் கோழிகளைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் மனதில் ஒன்றும் இருக்கவில்லை. கேட்டதைக்கூட அடுத்த நிமிடம் மறந்திருப்பார்.

ஆனால் சிவரூபனின் கை நின்றுவிட்டது.

கோயிலை ஆரும் இடம் சுற்றுவதில்லை. வீட்டுக்குள் கற்பூரம் காட்டினாலும் வலம்தான். மனிதன் இடமாகச் சுற்றுவது சுடலையில் மட்டும்தான். நாலு வருடத்துக்கு முன் அவன் இடத்தோளில் தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டு தகப்பனின் விறகைச் சுற்றி அப்படி மூன்று தரம் நடந்தான். பின்னால் வந்தவர் ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் கத்தியால் ஒரு ஓட்டை போட்டார். தண்ணீர் அவனுடைய முதுகில் இடப்பக்கமாக இறங்கி, வேட்டியை நனைத்து, காலால் ஓடியது. அது சித்திரை வெய்யில். நிலம் கொதித்தது. முதுகு மட்டும் குளிர்ந்தது.

இப்போது மாமரத்தடியில், டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கையில், அதே இடத்தில் அதே குளிர் இறங்கியது. அவன் திரும்பிப் பார்த்தான். ஒருவரும் இல்லை.

எத்தனை ஆயிரம் கொயில் இடமாகச் சுற்றியிருக்கிறான். அப்போதெல்லாம் ஒன்றும் தோன்றவில்லை. மோட்டரின்மேல் ஆரும் ஏறிப் போவதில்லை. இது நிவேதனா இரண்டு கையாலும் பிடிக்கிற இடம். அவள் இன்னும் மூன்று நாளில் இதைப் பிடித்துக்கொண்டு தெருவுக்குப் போவாள்.

சுற்றியதை அவிழ்த்தான். மறுபக்கமாகத் தொடங்கி, இடக் கொம்பையும் வலமாகவே சுற்றி முடித்தான். இரண்டு பக்கமும் நூல் பிடித்த மாதிரி இருந்தன. தெரியாதவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

நிவேதனா தாள்களோடு முற்றத்துக்கு வந்து பார்த்தாள். விரலால் தடவினாள்.

"வடிவாயிருக்கு. ரெண்டு பக்கமும் வெளிப்பக்கம்தானே சுத்தினீங்கள்?"

"ஓம்," என்றான்.

வெள்ளியும் சனியும் அவள் ஓடவில்லை. ஓட்டத்துக்கு முன் காலுக்கு ஓய்வு கொடுப்பது அவளுடைய வழக்கம். ஆகவே அந்த இரண்டு நாளும் சைக்கிள் விறாந்தையில் நின்றது. சிவரூபனும் அதைச் சுற்றிக்கொண்டு நின்றான். வெள்ளிக்கிழமை அவள் பள்ளிக்கூடம் போனபின் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தான். இடப்பக்கத்துக் கறுப்பு டேப்பைப் பாதி கழற்றினான். திரும்பவும் ஒட்டினான். சனியும் அப்படித்தான்.

கண்ணை மூடினால் இரண்டு படம் வந்தது. ஒன்றில் டேப் சரியாகச் சுற்றியிருந்தது. அவள் போன தெருவில் ஒரு டிப்பர் வந்தது. மற்றதில் டேப் பிழையாகச் சுற்றியிருந்தது. வல்லை வெளியின் காற்றில் அவள் குனிந்து இறுக்கிப் பிடிக்க, டேப் கையோடு கழன்று வழுக்கி, முன்சில்லு திரும்பியது. எந்தப் படத்தை விலக்கினாலும் மற்றது வந்து நின்றது. ஆரிடமாவது கேட்கலாம் என்றால் என்னவென்று கேட்பது? கேட்கிற ஆள் சிரிப்பான். சிரித்தால் பரவாயில்லை. சிரிக்காமல் முகம் மாறினால்?

நிவேதனா அவனுடைய முகத்தைக் கவனித்தாள். மோட்டர் ஏதும் பிழைத்துப் போய்விட்டதா என்று கேட்டாள். இல்லை என்றான். அவள் மேலே கேட்கவில்லை. அவன் வாய் திறக்காத நாட்களை அவள் அப்படியே விட்டுவிடப் பழகியிருந்தாள்.

ஞாயிறு விடிய வல்வெட்டித்துறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சைக்கிளை ஒரு லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றி அனுப்பிவிட்டு, அவளை மோட்டார் சைக்கிளில் அவன் கொண்டுபோனான். கரையில் இழுத்துவிட்ட வள்ளங்களுக்குப் பக்கத்தில் பதினாலு பெண்கள் நின்றார்கள். ஆரபி என்ற ஊர்ப் பெட்டை, தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள், போன வருடம் முதலாவதாக வந்தவள், நிவேதனாவைக் கண்டதும் வாயைத் திறந்தாள்.

"என்ன ரீச்சர், சிவரூபன் அண்ணை சைக்கிளுக்கை இறைக்கிற மோட்டர் ஒண்டும் பூட்டி விடேல்லைத்தானே? பிறகு தண்ணி அடிச்சுக்கொண்டு போகப்போறியள்."

"பூட்டினாலும் உன்னைப் பிடிக்கேலாது. நீ காத்தோடை பிறந்தனி."

"காத்து எங்கடை ஆள்தான். ஆனா இண்டைக்கு வல்லையிலை ஆரையும் தெரியாது எண்டு அடிக்கும். குனிஞ்சு கிடந்து இழுக்கவேண்டியதுதான்."

தான் கீழ் வளைவைவிட்டுக் கையை எடுக்கப்போவதே இல்லை என்று நிவேதனா சொன்னாள். சொல்லிக்கொண்டே சைக்கிளில் ஏறி, ஒரு காலை நிலத்தில் ஊன்றி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துப் பார்த்தாள். சிவரூபன் அவளுடைய இடக்கைக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளங்கை முறுக்கியபோது இரண்டு சுற்றுக்களுக்கு நடுவில் மயிரளவு ஒரு கீறல் திறந்து மூடியது. அவள் கவனிக்கவில்லை. தன் கைபேசியை அவனுடைய சட்டைப் பையில் வைத்துவிட்டு இலக்கத் துண்டை முதுகில் குத்தச் சொன்னாள்.

அவன் ஊசியைக் குத்தினான்.

"நிவேதனா. இடப்பக்கம் நான் பிழையாச் சுத்திப்போட்டன்."

அவள் திரும்பினாள். "என்ன பிழை?"

"வலப்பக்கம் மாதிரியே சுத்திப்போட்டன். இறுக்கிப் பிடிச்சா உமக்குக் கழரும்."

"வியாழக்கிழமை கேட்டனான்."

"ஓம்."

"கேக்கேக்கை தெரியுமோ?"

"தெரியும்."

அவளுடைய முகத்தில் கோபம்கூட இல்லை. தெரியாத ஒருவர் வீட்டுக்குள் வந்து நிற்பதைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தாள். பிறகு சைக்கிளிலிருந்து இறங்கினாள்.

"எவ்வளவு நேரம் வேணும்?"

"பத்து நிமிசம்."

"இருவது இருக்கு. செய்யுங்கோ."

கடற்கரை மணலில் முழங்காலில் நின்று அவன் டேப்பை உரித்தான். உப்புக்காற்றில் பசை கையில் இழுபட்டது. முனையிலிருந்து இடமாகத் தொடங்கினான். முதல் சுற்றில் முதுகு குளிர்ந்தது. இரண்டாவதில் பின்னால் ஆரோ வருவதுபோல் இருந்தது. மூன்றாவது சுற்றோடு நிறுத்தக்கூடாது, மூன்றோடு நிறுத்தக்கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நாலாவதை இழுத்தான். ஐந்து, ஆறு, ஏழு. பெண்கள் நின்று பார்த்தார்கள். ஆரபி ஏதோ பகிடி சொல்ல வாயெடுத்து, அவனுடைய முகத்தைக் கண்டு பேசாமல் விட்டாள். பசை சில இடங்களில் உரிந்துபோனதால், வழமையைவிடக் கறுப்பு டேப்பை ஒரு சுற்றுக் கூடப் போட்டான்.

நிவேதனா பிடித்துப் பார்த்தாள். முறுக்கினாள். அசையவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு வரிசைக்குப் போனாள்.

விசில் ஊதியதும் அவன் வேறு ஒழுங்கையால் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு வல்லைப் பாலத்துக்குப் போய் நின்றான். இரண்டு பக்கமும் வெறும் வெளி. நீர் வற்றி உப்புப் பூத்த தரை. காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. தூரத்தில் முதலாவதாக வந்தவள் ஆரபி. அவளுக்குப் பின்னால் எட்டுப் பேர் கூட்டமாக. அவன் எண்ணினான். ஒன்பது. பிறகு இருவர். பதினொன்று. பிறகு ஒருத்தி தனியாக, தலையை ஆட்டிக்கொண்டு. இன்னொருத்தி. பதின்மூன்று.

பதினாலாவதாக ஒருவரும் வரவில்லை.

கடைசி ஆளுக்குப் பின்னால் சிவப்புத் துணி கட்டிய வான் ஒன்று வரவேண்டும் என்று ஏற்பாடு. வானும் வரவில்லை. கடைசி ஆள் எங்கே நிற்கிறாரோ அங்கேதான் வானும் நிற்கும். இது விளங்கியபோது அவன் பாலத்தின் கட்டைப் பிடித்துக்கொண்டான்.

சட்டைப் பைக்குள் கைபேசி அடித்தது. அவளுடையது. எடுத்துப் பார்த்தான். பெயர் இல்லாத ஒரு இலக்கம். எடுத்தால் ஒரு குரல் சொல்லும். எடுக்காதவரை ஒன்றும் நடந்ததாக இல்லை. விரலை வைத்தபடி நின்றான். அது அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அடித்தது. திரும்பவும் ஓய்ந்தது.

நான் இடம் சுற்றினேன், நான்தான் அவளை இடமாகச் சுற்றினேன். வேறு ஒரு சொல்லும் அவனுடைய தலையில் இருக்கவில்லை.

மோட்டார் சைக்கிளைத் திருப்பி உடுப்பிட்டிப் பக்கமாகப் போனான். வெளி முடிந்து பனைகள் தொடங்குகிற வளைவில் வான் நின்றது. இரண்டு பேர் குனிந்து நின்றார்கள். தெருவில் சைக்கிள் கிடந்தது. ஒரு ஐம்பது மீற்றர் தள்ளியே அவனுடைய கை தானாகப் பிரேக்கைப் பிடித்துவிட்டது. அதற்குமேல் போக முடியவில்லை. தெருவோரத்தில் யாராவது எதையாவது ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறார்களா என்று கண் தேடியது.

குனிந்து நின்றவர்களில் ஒருவர் விலகினார். மதகுக் கட்டில் நிவேதனா இருந்தாள். முழங்கையில் ஒரு துணி. துணி சிவந்திருந்தது. மற்றக் கையால் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

அவன் இறங்கி நடந்து வந்தான். எவ்வளவு நேரம் நடந்தான் என்று தெரியவில்லை.

"நாய்," என்றாள் அவள். "குறுக்கை விழுந்தது."

அவன் சைக்கிளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

"டேப் கழரேல்லை. கிட்டப் போய்ப் பாருங்கோ."

அவன் போய்ப் பார்க்கவில்லை. வான்காரப் பெடியள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போவமா என்று கேட்க, கொஞ்சம் பொறுங்கோ என்று அவள் சொன்னாள். அவர்கள் தள்ளிப்போய் நின்றார்கள்.

"போன் அடிச்சவை. ஏன் எடுக்கேல்லை?"

அவன் கைபேசியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவளிடம் நீட்டினான். காற்று பனையோலைகளை உரசியது. அந்தச் சத்தம் நெடுநேரம் கேட்டதாகச் சிவரூபன் சொன்னான். பிறகுதான் அவன் சொல்லத் தொடங்கினான். தாய் கேட்டது, குடம், முதுகில் இறங்கிய தண்ணீர், இரண்டு நாளும் கறுப்பு டேப்பைக் கழற்றி ஒட்டியது. ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. சொல்லி முடித்ததும், அதைச் சொன்னதாலேயே இன்னும் ஏதோ நடக்கப்போகிறது என்று அவனுக்குத் தோன்றியது. தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான்.

நிவேதனா போத்தலை மூடினாள்.

"எனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா இடப்பக்கத்தை நானே சுத்தியிருப்பன். எனக்கு அது வெறும் டேப்."

"ஓம்."

"அந்த ஓமை இனி எனக்குச் சொல்லாதேங்கோ."

எழும்பி, முழங்கையை மடித்து நீட்டிப் பார்த்து, சைக்கிளை நிமிர்த்தினாள். முன்சில்லைச் சுழற்றினாள். அது நேராக ஓடியது. ஆஸ்பத்திரி கோப்பாயிலையும் இருக்கு, ஓடி முடித்துவிட்டுக் காட்டுவம் என்று வான்காரருக்குச் சொன்னாள். அவன் தடுக்கவில்லை. அவள் ஏறி, குனிந்து, இரண்டு கையையும் கீழ் வளைவில் வைத்தாள். இடக்கை டேப்பில் இரத்தம் பட்டது. வெளிக்குள் இறங்கியதும் காற்று அவளை ஒரு பக்கம் தள்ளியது. அவள் நிமிர்த்திக்கொண்டாள். வான் பின்னால் போனது. வானுக்குப் பின்னால் அவன், அவளை முந்தவும் முடியாமல், பார்க்காமல் இருக்கவும் முடியாமல், கோப்பாய்வரை.

ஆரபி அந்த வருடமும் முதலாவதாக வந்தாள். இப்போது கலியாணம் முடித்து நோர்வேயில் இருக்கிறாள். நிவேதனா பதினாலாவதாக வந்தாள். முழங்கையில் ஆறு தையல் போட்டார்கள். இன்றும் ஓடுகிறாள், சைக்கிளில் ஒரு திருகாணியைக்கூட அவனை இறுக்க விடுவதில்லை. நல்லம்மாவுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் முழங்கால் நோவோடு இருக்கிறார். நாய் உடுப்பிட்டியில் ஒரு வீட்டு நாய், அதற்கு ஒன்றுமில்லை. சிவரூபன் அதே கடையில் மோட்டர் சுற்றுகிறான். அவனும் நிவேதனாவும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். அவன் எதையாவது ஓம் என்று சொன்னால், அவள் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறாள்.